உயர்தரப் புவியியல்: தரம் 13இல் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் தமிழ் மொழிமூலம் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் தரம் 13க்கு வந்ததும் கேட்கத் தொடங்கும் கேள்விகள் இவை. வகுப்பு முடிந்து படியிறங்கும்போது கேட்பவை பாதி, இரவு பத்து மணிக்குப் பிறகு வட்ஸ்அப்பில் வருபவை மீதி. பெற்றோர் கேட்டவையும் நடுவில் இருக்கின்றன. பரீட்சை விதிகள் அவ்வப்போது மாறும். அவற்றைப் பாடசாலையிலும் பரீட்சைத் திணைக்கள அறிவித்தலிலும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே பாடத்தைப் பற்றித்தான் அதிகம் பேச்சு.

புவியியல் லேசான பாடம் என்கிறார்களே, உண்மையா?

எஸ் (சாதாரண சித்தி) எடுக்க லேசு. ஏ எடுக்க லேசில்லை. மழை, வெள்ளம், சனத்தொகை, நகரம் என்று எல்லாமே கேள்விப்பட்ட விடயங்களாக இருப்பதால் எதைக் கேட்டாலும் இரண்டு பக்கம் எழுதிவிடலாம். அதுதான் சிக்கல். எல்லாரும் அதே இரண்டு பக்கத்தைத்தான் எழுதுகிறார்கள். "அதிக மழை பெய்தால் வெள்ளம் ஏற்படும்" என்று எழுத உயர்தரம் படிக்கத் தேவையில்லை. எந்த ஆறு, எந்த மாதம், எந்தக் காற்று, எந்த நிலம் தாழ்ந்தது, எதை நிரப்பினார்கள் என்று எழுதும் பிள்ளைக்குத்தான் புள்ளி போகும். இதை மனதில் வைத்தால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

கலைப்பிரிவுக்கு மட்டும்தானா?

இல்லை. வர்த்தகப் பிரிவில் இரண்டு வர்த்தகப் பாடங்களோடு மூன்றாவதாக எடுக்கலாம். தொழினுட்பப் பிரிவிலும் மூன்றாம் பாடத் தெரிவுகளில் புவியியல் இருக்கிறது. உங்கள் பாடசாலையில் நேரசூசிக்குள் பொருந்துமா என்பதை அதிபரிடம் கேளுங்கள்.

ஓ.எல்.இல் புவியியல் எடுக்கவில்லை. பின்தங்கிவிடுவேனா?

முதல் தவணையில் கொஞ்சம். அகலாங்கு, நெட்டாங்கு, அளவுத்திட்டம், பாறை வகை போன்ற அடிப்படைகளுக்குத் தரம் 10, 11 பாடநூல்களை ஒரு லீவுக்குள் வாசித்தால் சமாளிக்கலாம். தரம் 13க்கு வந்தபிறகும் இந்தக் கேள்வியைக் கேட்டால், காரணம் ஓ.எல். அல்ல.

தரம் 13 தொடங்கிவிட்டது, தரம் 12 பகுதி முழுக்க மறந்துபோச்சு. எங்கிருந்து தொடங்குவது?

செய்முறையிலிருந்து. பௌதீகப் புவியியலோ மானிடப் புவியியலோ மறந்தால் இரண்டு நாள் உட்கார்ந்து திரும்பப் பிடித்துவிடலாம். இடவிளக்கப்படம் (மேடு பள்ளம், ஆறு, வீதி எல்லாம் அளவுத்திட்டத்தோடு காட்டும் படம்) வாசிப்பதும் வரைபு கீறுவதும் கைப்பழக்கம். கடைசி மாதத்தில் வராது. வாரத்தில் ஒரு மாலை அதற்கு மட்டும் ஒதுக்குங்கள். மற்ற நாட்களில் பௌதீகமும் மானிடமும் மாறி மாறிப் போகட்டும்.

அப்புறம் ஒரு வேலை: தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டத்தைத் தமிழில் இறக்கி, அச்செடுத்து மேசைக்கு மேல் ஒட்டுங்கள். முடித்த அலகைக் கோடிடுங்கள். ரியூஷனில் படிப்பித்த ஒழுங்கை நம்பி, ஒரு அலகை முழுதாக விட்டுவிட்டு மண்டபத்துக்குப் போனவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

இடவிளக்கப்படம் கண்டாலே தலை சுற்றுகிறது. எப்படிப் படிப்பது?

முதலில் படத்தின் கணக்கைப் பிடியுங்கள். நமக்கு வருவது 1:50,000. அதாவது படத்தில் 1 செ.மீ. என்பது நிலத்தில் 500 மீற்றர். 2 செ.மீ. என்பது 1 கி.மீ. படத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கட்டக் கோடுகள் இந்த 2 செ.மீ. இடைவெளியில்தான் இருக்கின்றன. ஆகவே ஒரு கட்டம் ஒரு சதுர கி.மீ. ஒரு குளத்தின் பரப்பைக் கேட்டால் அளவுகோலைத் தேடவேண்டாம்: முழுக் கட்டங்களை எண்ணுங்கள், பாதிக்கு மேல் நிரம்பியதை ஒன்றாக எடுங்கள், பாதிக்குக் குறைந்ததை விடுங்கள்.

அடுத்தது சமவுயரக் கோடுகள், அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள். இந்தத் தொடர்ப் படங்களில் அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு இடையே 20 மீற்றர் வித்தியாசம். சாய்வு வீதம் கேட்டால் இப்படி:

ஒரு பாதை 140 மீ. கோட்டில் தொடங்கி 240 மீ. கோட்டில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உயர வித்தியாசம் 100 மீற்றர். படத்தில் தூரம் 4 செ.மீ.; நிலத்தில் 2,000 மீற்றர். 100ஐ 2,000ஆல் பிரித்தால் 1/20. விடை 1:20. "20 மீற்றர் போகும்போது 1 மீற்றர் ஏறுகிறது" என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். புரிந்துதான் செய்தீர்கள் என்பது தெரியும்.

குறுக்குவெட்டுப் பக்கப்பார்வை கீறும்போது நிலைக்குத்து மிகைப்படுத்தலைக் கேட்பார்கள், அதாவது உயரத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறோம் என்பதை. நிலைக்குத்தில் 1 செ.மீ.க்கு 100 மீற்றர் எடுத்தால் அது 1:10,000. கிடை 1:50,000. 50,000ஐ 10,000ஆல் பிரித்தால் 5 மடங்கு. அவ்வளவுதான் விடயம். ஆனால் ஒரு அலகை மீற்றரிலும் மற்றதைச் செ.மீ.இலும் விட்டுவிட்டுப் பிரிக்கிற பிள்ளைகளுக்கு 500 வரும், 0.05 வரும். வந்த விடையை ஒருமுறை பார்த்து, "இந்த மலை 500 மடங்கு உயர்ந்து தெரிந்தால் தாள் காணுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கோடுகள் வளையும் திசையையும் கவனியுங்கள். வளைவின் கூர் உயரமான பக்கத்தை நோக்கினால் அது பள்ளத்தாக்கு. அநேகமாக நீலக் கோடொன்று அதனூடாக ஓடும். கூர் தாழ்ந்த பக்கத்தை நோக்கினால் மலையிலிருந்து நீட்டிக்கொண்டு இறங்கும் பகுதி. இரண்டையும் மாற்றி எழுதினால் அதன்பிறகு வடிகால் பற்றி எழுதும் எல்லாமே பிழைக்கும்.

கடைசிப் பகுதி எப்போதும் விளக்கம்தான்: பௌதீக அம்சத்துக்கும் மானிட அம்சத்துக்கும் உள்ள தொடர்பு. ஈரவலயப் படத்தில் வீடுகள் வீதி நெடுக நேர்கோடாகப் போகும். உலர்வலயப் படத்தில் குளக்கட்டை அண்டிக் குவிந்திருக்கும். ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். படத்தில் இல்லாத ஊர்க்கதை எழுதவேண்டாம். கட்ட இலக்கம் கொடுத்து, "இங்கே இது இருக்கிறது, ஆகவே இது" என்று எழுதுங்கள். கட்ட இலக்கத்தில் கிழக்குப் பெறுமானம் முதலில், வடக்குப் பெறுமானம் பிறகு.

படங்களை எங்கே வாங்கலாம்?

நாரஹேன்பிட்டியில் கிருள வீதியில் நில அளவைத் திணைக்களம் இருக்கிறது. 1800 ஆகஸ்ட் 2இல் தொடங்கிய பழைய திணைக்களம். முழு இலங்கையும் 92 தாள்களாக இருக்கிறது. ஒரு தாள் நிலத்தில் 40 கி.மீ.க்கு 25 கி.மீ. பகுதியைக் காட்டும். கொழும்புப் பிள்ளைகள் பஸ் ஏறிப்போய்ப் பார்க்கலாம். ஆனால் பெரும்பாலானோர் ஒருநாளும் போவதில்லை.

போனால் கொழும்புத் தாளை வாங்காதீர்கள். சமதரையும் கட்டடமுமாக இருக்கிறது, பயிற்சிக்கு உதவாது. மலைநாட்டில் ஒன்று, வடமத்தியில் குளங்கள் நிறைந்த ஒன்று, இரண்டும் போதும். நாலு பேர் சேர்ந்து வாங்கிச் சுற்றில் விடுங்கள்.

புள்ளிவிபரக் கணக்குகள் வருமே, கணிதம் எனக்குச் சரிவராது.

இடை, இடையம், ஆகாரம், நியம விலகல். கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும். பயப்படவேண்டிய இடம் கணக்கு அல்ல, எந்த வரைபை எதற்குப் பயன்படுத்துவது என்ற தீர்மானம்.

ஒரு உதாரணம். 25 மாவட்டங்களின் சனத்தொகை அடர்த்தியை நிழற்றிக் காட்டும் படம் கீறச் சொல்கிறார்கள். கொழும்பு மாவட்டத்தில் ஒரு சதுர கி.மீ.க்கு 3,000 பேருக்கு மேல். முல்லைத்தீவில் 100 பேர்கூட இல்லை. நீங்கள் 0–800, 800–1,600 என்று சம இடைவெளியில் ஐந்து வகுப்புப் பிரித்தால் என்ன நடக்கும்? கொழும்பு தனியாக உச்சி வகுப்பில் நிற்கும், கம்பஹா நடுவில் நிற்கும், மீதி மாவட்டங்களில் பெரும்பாலானவை அடி வகுப்பில் ஒரே நிறத்தில் கிடக்கும். அம்பாறைக்கும் காலிக்கும் வித்தியாசமே தெரியாது. ஆகவே கீழ்ப்பகுதியில் இடைவெளியைச் சுருக்கவேண்டும். இதை ஏன் செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதினால் நல்ல விடை. எல்லாருமே சம இடைவெளியில்தான் பிரிப்பார்கள், வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

எந்த வருடத் தரவை எழுதுவது?

கடைசிக் குடிசன மதிப்பீடு 2024இல் நடந்தது. இலங்கைச் சனத்தொகை 2 கோடி 17 லட்சத்துக்கு மேல். அதற்கு முந்தியது 2012. அப்போது 2 கோடி 3 லட்சம் சொச்சம். பழைய கையேடுகளில் கொழும்பு மாவட்டம்தான் சனத்தொகையில் முதலிடம் என்று இருக்கும். 2024இல் கம்பஹா முந்திவிட்டது. ஏன் முந்தியது என்பது தனி ஒரு கட்டுரைக்குப் போதும்: காணி விலை, வீட்டு வாடகை, அதிவேகப் பாதை, தொழில் வலயங்கள். வத்தளைக்குக் குடிபோன உங்கள் மாமா குடும்பத்திடமே கேளுங்கள்.

பொது விதி: எண்ணை எழுதினால் பக்கத்தில் வருடத்தை எழுதுங்கள். வருடம் இல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை. மூலத்தை நேரே பார்க்க விரும்பினால், தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்கள இணையத்தளம் தமிழிலும் திறக்கும்.

பௌதீகப் புவியியலைப் பாடமாக்காமல் படிக்க முடியுமா?

முடியும், வேண்டியதும் அதுதான். கொழும்பு மழையை எடுத்துக்கொள்வோம்.

நீண்டகாலச் சராசரிப்படி கொழும்புக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400–2,500 மி.மீ. மழை. அதை மாதவாரியாகக் கீறினால் இரண்டு உச்சி தெரியும். ஒன்று மே, கிட்டத்தட்ட 390 மி.மீ. மற்றது ஒக்டோபர்–நவம்பர். இடையில் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் 120 அளவுக்கு இறங்கிவிடும். தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மே முதல் செப்டெம்பர் வரை என்று படித்திருக்கிறோம். அப்படியானால் ஜூலையில் ஏன் குறைகிறது? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் மேசையைப் பார்ப்பார்கள்.

ஜூலையிலும் காற்று வருகிறது. ஆனால் ஈரக்காற்று மேலெழும்ப ஏதாவது வேண்டும். கொழும்பில் மலை இல்லை. அதே காற்று உள்ளே போய் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி எழும்புகிறது. அதனால் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மி.மீ.ஐத் தாண்டும். மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது காற்று காய்ந்து சூடாகிவிடும். மட்டக்களப்பில் அதைத்தான் கச்சான் காற்று என்கிறார்கள். மே தொடக்கத்திலும் ஒக்டோபரிலும் கொழும்பில் வேறு இயந்திரம் வேலை செய்கிறது. அயன இடை ஒருங்கல் வலயம் (வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் காற்றுகள் சந்தித்து மேலெழும் பட்டி) நமக்கு மேலால் கடக்கும் காலம், காலையில் வெயில் கொளுத்தும், பின்னேரம் மூன்று மணிக்கு மேல் இடி மின்னலோடு மழை கொட்டும். பாடசாலை விட்டு காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்ஸுக்கு நிற்கும்போது நனைகிறீர்களே, அதுதான் உகைப்பு மழை, சூடான நிலத்திலிருந்து காற்று மேலெழும்பிப் பெய்வது. அதை விடைத்தாளில் எழுதுங்கள், நனைந்ததை விட்டுவிட்டு.

இதே தரவில் இன்னொரு விடயமும் உண்டு. ஈரவலயம் என்றால் 2,500 மி.மீ.க்கு மேல் என்று எழுதுகிறோம். கொழும்பின் சராசரி அந்தக் கோட்டின் விளிம்பில் நிற்கிறது. ஆனாலும் கொழும்பு ஈரவலயம்தான். வலயம் பிரிப்பது மழையின் மொத்தத்தை மட்டும் வைத்து அல்ல. நீண்ட வறண்ட காலம் இருக்கிறதா, மண் என்ன, உயரம் என்ன என்பதையும் பார்த்துத்தான். எல்லைக் கோடுகளை இப்படிக் கேள்வி கேட்டுப் படித்த பிள்ளை, பாடமாக்கிய பிள்ளையைவிடக் குறைவாக எழுதினாலும் கூடப் புள்ளி எடுக்கும்.

கொழும்பில் இருந்துகொண்டு களஆய்வுக்கு எங்கே போவது? மலை இல்லை, குளம் இல்லை.

இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளை பெரும்பாலும் வெள்ளவத்தைக் கால்வாயைத் தினமும் கடந்துதான் வகுப்புக்கு வருகிறது.

கால்வாய் கடலில் விழும் இடத்துக்கு மே மாதம் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை போய் நில்லுங்கள். வாய் திறந்திருக்கிறதா, மணல் மூடியிருக்கிறதா, அலை எந்தத் திசையிலிருந்து சரிந்து வருகிறது, தண்டவாளத்துக்குக் கீழே பாறாங்கல் ஏன் அடுக்கியிருக்கிறது என்று பாருங்கள். படம் எடுங்கள், தேதியை எழுதுங்கள். கரையோர அரிப்பு, படிவு இரண்டும் அங்கேயே இருக்கின்றன. கொஞ்சம் தெற்கே கல்கிசையில் 2020இல் கடலிலிருந்து மணல் எடுத்துக் கரையில் பரப்பினார்கள். அரிப்பைத் தடுக்கும் வழிகளுக்கு அது ஒரு உதாரணம். அந்த மணல் எவ்வளவு நாள் நிற்கும் என்ற வாதமும் அப்போதே எழுந்தது, அதையும் சேர்த்து எழுதலாம்.

களனி கங்கை இன்னொரு பெரிய புதையல். சிவனொளிபாத மலைப்பகுதியில் தொடங்கி 145 கி.மீ. ஓடி மட்டக்குளிப் பக்கம் கடலில் சேர்கிறது. மேலே காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள், நடுவில் கித்துல்கல, கீழே அம்பத்தளையில் கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் இடம். வறட்சியில் ஆற்றில் நீர் குறைந்தால் கடல்நீர் உள்ளே ஏறி அம்பத்தளை வரை உப்பு வரப் பார்க்கும். அதைத் தடுக்க ஆற்றுக்குக் குறுக்கே தற்காலிகத் தடுப்புப் போட்டதுண்டு. மழைக் காலத்தில் நீர்ப்பாசனத் திணைக்கள அறிக்கையில் ஆற்றின் மேற்பக்கம் ஹங்வெல்ல, கீழ்ப்பக்கம் கொழும்பில் நாகலகம் வீதி நீர்மட்டங்கள் வரும். அந்த இரண்டு எண்களையும் மூன்று நாள் குறித்துப் பாருங்கள். ஹங்வெல்லவில் உச்சிக்குப் போனபிறகுதான் நாகலகம் வீதியில் உச்சி வரும். இடையிலுள்ள நேரம்தான் கொலன்னாவை, கடுவெலைப் பக்கத்து மக்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை நேரம். வெள்ளம் பற்றிய ஒரு அலகு முழுக்க அதற்குள் அடங்கும்.

ஈரநிலங்களுக்குப் பெத்தகானை, தியவன்னா. கொழும்புக்கு 2018இல் ராம்சார் (ஈரநிலங்களைப் பாதுகாக்கும் சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. உலகில் முதல் தடவையாக அந்தப் பெயர் பெற்ற 18 நகரங்களில் ஒன்று. 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. ஈரநிலத்தை நிரப்பினால் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் வேண்டாம்.

நகரக் கழிவுக்கு மீதொட்டமுல்லை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. அதன்பின் கொழும்பின் கழிவு புத்தளம் அருவக்காலு வரை கொண்டுபோகப்பட்டது. ஒரு நகரம் தன் பிரச்சினையை இன்னொரு மாவட்டத்துக்கு ஏற்றுமதி செய்வது சரியா? இப்படிக் கேட்டு எழுதினால் கட்டுரைக்கு உயிர் வரும். ஆனால் அங்கே போய்ப் படம் எடுக்கவேண்டாம், அது மனிதர்கள் இழப்போடு வாழும் இடம்.

நேரில் போக முடியாதவர்கள் கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பாருங்கள். காலிமுகத்திடலுக்கு முன்னால் 2014 வரை கடல். 2019 தொடக்கத்தில் 269 ஹெக்டயர் நிலம். துறைமுக நகரம் எப்படி வளர்ந்தது என்று வருடம் வருடமாகத் தெரியும். புவியியல் தகவல் முறைமை, தொலையுணர்வு அலகுக்கு இதுவே நல்ல தொடக்கம்.

மண்சரிவு, சூறாவளி உதாரணங்களுக்கு எவற்றைப் பிடிக்கலாம்?

மண்சரிவுக்கு 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்த மீரியபெத்த, 2016 மே 17 அரநாயக்க. இரண்டும் வெவ்வேறு காரணக் கலவை. மீரியபெத்தையில் தோட்ட லயன்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்), ஏற்கெனவே ஆபத்தான சரிவு என்று தெரிந்த இடம். சூறாவளிக்கு 1964 டிசம்பர் மன்னார்ப் பக்கம், 1978 நவம்பர் மட்டக்களப்பு, 2025 நவம்பர் இறுதியில் டித்வா. மாதங்களைப் பாருங்கள். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும் காலம் அது. டித்வா நேரம் மலைநாட்டில் மண்சரிவும் களனியில் வெள்ளமும் சேர்ந்து வந்தன, ஆகவே ஒரே நிகழ்வை மூன்று கேள்விக்குப் பாவிக்கலாம்.

எந்தப் புத்தகம் வாங்குவது?

முதலில் வாங்காதீர்கள். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியும் வளநூலும் தமிழில் இலவசமாக இறக்கலாம். பெயர்தான் ஆசிரியர் வழிகாட்டி; பிள்ளைகள் வாசிக்கத் தடையில்லை. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகமும், விகாரமகாதேவிப் பூங்காவுக்கு எதிரே பொது நூலகமும் இருக்கின்றன. நூலகம் (noolaham.org) என்ற இணையத்தளத்தில் பழைய தமிழ்ப் புவியியல் நூல்கள் நிறையக் கிடக்கின்றன. செங்கை ஆழியான் என்ற பெயரில் நாவல் எழுதிய க. குணராசாவின் பாடநூல்களை உங்கள் அம்மா அப்பா வைத்திருந்திருப்பார்கள். நிலவுருவம், பாறை, காலநிலை விளக்கங்களுக்கு அப்படியான பழைய நூல்கள் இன்றும் நல்லவை. சனத்தொகை, உற்பத்தி, ஏற்றுமதி எண்களை மட்டும் அவற்றிலிருந்து எடுக்காதீர்கள்.

யூடியூபில் தமிழ்நாட்டுப் பாடங்களைப் பார்க்கலாமா?

விளங்கிக்கொள்ளப் பார்க்கலாம். விடைத்தாளில் நம் பாடத்திட்டச் சொற்களையே எழுதுங்கள். அவர்கள் வடகிழக்குப் பருவமழை என்பதை நாம் வடகீழ் பருவப்பெயர்ச்சி என்று எழுதுகிறோம்.

ரியூஷன் கட்டாயமா?

இல்லை. பாடசாலையில் ஆசிரியர் இல்லாவிட்டால் தேவை. கொழும்பில் சில தமிழ்ப் பாடசாலைகளில் அந்த நிலை இருக்கத்தான் செய்கிறது, மறைப்பதில் பயனில்லை. ஒரு வகுப்பு போதும். இரண்டு ஆசிரியரிடம் போகும் பிள்ளை இரண்டு கட்டுக் குறிப்போடு வீட்டில் உட்கார்ந்திருக்கும், படிக்க நேரம் இருக்காது. வகுப்பைத் தெரியும்போது ஒன்றைக் கேளுங்கள்: விடை எழுதவைத்துத் திருத்தித் தருவார்களா? இருநூறு பேர் மண்டபத்தில் குறிப்புச் சொல்வது மட்டும்தான் என்றால், அந்தக் குறிப்பை நண்பரிடம் போட்டோக்கொப்பி எடுத்தால் போதும். 80 வீதப் பாடசாலை வரவு தேவை என்பதையும் மறக்கவேண்டாம்.

கட்டுரை விடையில் படம் கீறவேண்டுமா?

கட்டாயம். ஆனால் சித்திரப் பாடம் அல்ல. இலங்கை வெளியுருவை ஒரு நிமிடத்தில் கீறப் பழகுங்கள். யாழ்ப்பாணக் குடாநாடு, மன்னார், திருகோணமலைக் குடா, தெற்கே தேவேந்திரமுனை சரியான இடத்தில் இருந்தால் போதும். பென்சிலில் கீறி, அம்புக்குறியிட்டு, பெயரிட்டு, தலைப்பும் வடக்குக் குறியும் போடுங்கள். மழை நிழல் (மலைக்கு மறுபக்கம் மழை குறைந்த பகுதி) பற்றி எழுதினால் மலையின் குறுக்குவெட்டு ஒன்று. அந்தப் படம் அரைப் பக்க எழுத்தை மிச்சப்படுத்தும். படத்தைக் கீறிவிட்டு எழுத்தில் அதைத் தொடவே தொடாமல் விடுவதுதான் பெரும்பாலானோர் செய்வது. "மேலே படத்தில் காட்டியவாறு" என்று ஒரு இடத்திலாவது வரவேண்டும்.

கடந்தகால வினாத்தாள்களை எப்போது தொடங்குவது?

இப்போதே, படித்த அலகுக்கு மட்டும். வினாத்தாளைவிட பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடல் திட்டத்தைக் கவனமாக வாசியுங்கள். ஒரு காரணத்துக்கு எத்தனை புள்ளி, விளக்கத்துக்கு எத்தனை, உதாரணத்துக்கு எத்தனை என்று அதில் தெரியும். பாடத்திட்டம் மாறுவதற்கு முந்திய தாள்களில் இப்போது இல்லாத பகுதிகளும் வரும், பார்த்துச் செய்யுங்கள்.

பிள்ளை புவியியல் படித்து என்ன வேலைக்குப் போகும்? (அம்மா ஒருவர்)

நியாயமான கேள்வி. ஆசிரியத் தொழில், நிர்வாக சேவைப் பரீட்சை என்பவை எல்லாக் கலைப்பட்டதாரிகளுக்கும் உள்ள வழி. புவியியலுக்கென்று தனியாக உள்ளது படமும் தரவும் சேர்ந்த வேலை: நகரத் திட்டமிடல், அனர்த்த முகாமைத்துவம், சுற்றாடல் மதிப்பீடு, புவியியல் தகவல் முறைமை. நகர அபிவிருத்தி அதிகாரசபை, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அனர்த்த முகாமைத்துவ நிலையம் எல்லாம் கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும்தான் இருக்கின்றன. ஆனால் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போக முடியாது. கணினியும் ஆங்கிலமும் வேண்டும். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளைப் பழகச் சொல்லுங்கள். சிங்களம் கதைக்கத் தெரிந்தால் கிராமத்தில் களவேலைக்கு இன்னும் நல்லது.

தமிழில் பட்டப்படிப்புத் தொடரலாமா?

யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்கு, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் கலைப்பீடத்தில் தமிழ்வழி உண்டு. எந்தக் கற்கைக்கு என்ன பாடச் சேர்க்கை என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலில் பாருங்கள். அண்ணன் சொன்னார், அக்கா சொன்னார் என்று விண்ணப்பம் நிரப்பவேண்டாம். அவர்கள் போன வருடத்து விதி இந்த வருடம் இருக்காது.

பரீட்சை மண்டபத்துக்கு என்ன கொண்டுபோவது?

கூரான பென்சில் இரண்டு, நிறப்பென்சில், 30 செ.மீ. அடிமட்டம், அழிறப்பர், பாகைமானி, கவராயம். அதோடு ஒரு சாண் வெள்ளை நூல். வளைந்து போகும் வீதியின் நீளத்தை அளக்க அதைவிட நல்ல கருவி இல்லை. நூலை ஈரமாக்கி வீதி மேல் வைத்தால் நழுவாது. படத்தில் பேனாவால் கோடிடாதீர்கள், பிறகு சமவுயரக் கோடு எது, உங்கள் கோடு எது என்று தெரியாது.

முதல் தடவை சரிவராவிட்டால்?

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை தோற்றலாம். இரண்டாம் தடவைக்குப் பதியும்போது செய்முறைப் பகுதியை முதலில் எடுங்கள், பழைய குறிப்பில் உள்ள எண்களுக்கெல்லாம் வருடம் சரியா என்று பாருங்கள். வேலை செய்துகொண்டு படிப்பவர்கள் சனிக்கிழமைக் காலையை இடவிளக்கப்படத்துக்கு வைத்துக்கொண்டால் போதும். மீதியைப் பஸ்ஸில் வாசிக்கலாம்.